பழைய பெட்டிக்குள் பூட்டிய தமிழ்

புனேயின் மங்கள்வார் பேட்டையில் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கூடுகிற ஜூனா பஜாரில் கிடைக்காத பழைய சாமான் கிடையாது. பித்தளை அண்டா, துருவேறிய ஸ்பானர், முள் நின்றுபோன சுவர்க் கடிகாரம், யாரோ வாசித்து அலுத்துப்போன ஹார்மோனியம். இம்மாதிரிச் சந்தைகளுக்குத்தான் 1990களின் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரும் கடைசியில் வந்து சேர்கிறது. மஞ்சள் பூத்த பிளாஸ்டிக் முகம், ‘டர்போ’ என்று எழுதிய பொத்தான், பக்கத்தில் ஒரு சாவித் துவாரம், ஃப்ளாப்பி நுழைய ஒரு வாய். காயலான் கடைக் கணக்கில் இதற்கு மதிப்புப் போடுவது சுலபம்: தகரம் இத்தனை கிலோ, தாமிரக் கம்பி இத்தனை, சர்க்யூட் பலகையின் விளிம்பில் மின்னும் தங்க முலாம் கொஞ்சம். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் என்ன எழுதியிருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது.

இந்தப் பெட்டிகளுக்குச் சில ஆண்டுகளாக வேறொரு கிராக்கியும் ஏற்பட்டிருக்கிறது. இளமையில் விளையாடிய ‘டூம்’, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ முதலான விளையாட்டுகளை அதே இயந்திரத்தில், அதே கரகர சத்தத்தோடு ஆடிப் பார்க்க ஆசைப்படும் நடுவயதுக்காரர்கள் உலகம் முழுவதும் பழைய 386, 486, பென்டியம் பெட்டிகளைத் தேடி வாங்கிச் சீர்படுத்துகிறார்கள். தவறில்லை. பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரை வாங்கி, பெயின்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்றுப் போய்வருகிறவர்கள் புனேயில் இல்லையா? ஆனால் இந்தியாவில், குறிப்பாகத் தமிழ் எழுதுகிறவர்களுக்கு, இந்தப் பெட்டியை எழுப்பி உட்காரவைக்க ஏக்கத்தைவிட அவசரமான ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசப் புனேயைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் தமிழ் நுழைந்த வாசல்களில் இரண்டு இங்கேதான் இருந்தன.

முதல் வாசல் சி-டாக். அமெரிக்கா நவீன சூப்பர் கம்ப்யூட்டர் தர மறுத்த நிலையில், நாமே ஒன்று செய்துகொள்வோம் என்று 1988இல் மத்திய அரசு புனேயில் ஏற்படுத்திய அமைப்பு அது. விஜய் பட்கர் தலைமையில் 1991இல் ‘பரம் 8000’ தயாராகிப் பெயர் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். அதே கட்டடத்தில் நடந்த இன்னொரு வேலை அவ்வளவு விளம்பரம் பெறவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இந்திய எழுத்துகளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர நடந்துவந்த ஆராய்ச்சி, மோகன் தாம்பே உள்ளிட்டவர்களோடு புனேக்கு இடம்பெயர்ந்து, ‘ஜிஸ்ட்’ என்ற பெயரில் சி-டாக்கின் ஒரு பிரிவாயிற்று. அவர்கள் உருவாக்கிய ஜிஸ்ட் கார்டு, கம்ப்யூட்டரைத் திறந்து மதர்போர்டில் உள்ள ‘ஐஎஸ்ஏ’ என்ற நீளமான கறுப்பு ஸ்லாட்டில் செருக வேண்டிய ஒரு பலகை. அதைச் செருகிவிட்டால், ஆங்கிலம் மட்டுமே அறிந்த வேர்ட்ஸ்டாரும் டிபேஸும் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் எழுத்தைக் காட்டின. மென்பொருளுக்கு எதுவும் தெரியாது. அது எண்களை அனுப்பிக்கொண்டிருக்கும். எண்ணை எழுத்தாக்கும் வேலையைக் கார்டு பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் இன்னும் வேரூன்றாத அந்த நாட்களில் இது சாமானிய சாதனையல்ல.

அந்த எண்களுக்கு ஒரு பொது ஒழுங்கும் வகுத்தார்கள். ‘இஸ்கி’ என்ற அந்த அட்டவணையை இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1991இல் தேசியத் தரமாக வெளியிட்டது. இதில் 179 என்றால் ‘க’. மொழியைத் தமிழ் என்று வைத்தால் தமிழ் ‘க’, மராத்தி என்று மாற்றினால் தேவநாகரி ‘க’. எல்லா மொழிக்கும் ஒரே வரிசை. தமிழில் இல்லாத மூன்று ககரங்களுக்கு உரிய 180, 181, 182 தமிழுக்குக் காலியாக விடப்பட்டன. 183இல் ‘ங’ வந்தது. இந்த வரிசையின் முந்தைய, 1988 வடிவத்தைத்தான் 1991இல் வெளிவந்த யூனிகோட் எடுத்துக்கொண்டது. இன்று செல்போனில் தமிழ் அனுப்புகிற ஒவ்வொருவரும் பயன்படுத்தும் யூனிகோட் பட்டியலில், ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் நடுவில் மூன்று இடங்கள் இன்றும் காலியாகக் கிடக்கின்றன.

தமிழறிஞர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. தேவநாகரிக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்குப் போட்டுவிட்டார்கள் என்பது குறை. நியாயமான குறைதான். ஆனால் நடைமுறையில் இஸ்கிக்குப் போட்டியாக வந்தது அறிஞர்களின் மாற்றுத் திட்டம் அல்ல, அச்சகத்தின் அவசரம். 1990களில் டி.டி.பி. அலை வந்தது. விண்டோஸ், பேஜ்மேக்கர், லேசர் பிரின்டர் மூன்றும் சேர்ந்து ஈய எழுத்தைக் கடைக்கு அனுப்பின. அச்சகக்காரருக்குத் தேவைப்பட்டது அழகான எழுத்துரு, டைப்ரைட்டர் பழகிய கைக்கு ஏற்ற விசைப்பலகை. அதைக் கொடுத்தவர்களில் முக்கியமான ஒரு நிறுவனமும் புனேக்காரர்களுடையதே: மாடுலர் இன்ஃபோடெக்கின் ‘ஸ்ரீலிபி’. இதுதான் இரண்டாவது வாசல். தமிழ்நாட்டின் பதிப்பகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சிறு கடைகளிலும் ஸ்ரீலிபி எழுத்து பரவலாகப் புழங்கியது. தமிழ்நாட்டில் கோத்த பக்கத்துக்கு எழுத்து புனேயிலிருந்து வந்தது என்று அந்தப் பக்கத்தைப் படித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

ஸ்ரீலிபி ஒன்றுதான் என்றில்லை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆளுக்கு ஓர் எழுத்துரு செய்தார்கள். ஒவ்வொன்றிலும் ‘க’ வெவ்வேறு எண்ணில் உட்கார்ந்திருந்தது. ‘கொ’ என்ற ஓரெழுத்தை, கண்ணுக்குத் தெரிகிறபடி ஒற்றைக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகச் சேமித்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் டாலர் சின்னமும் கலந்த ஒரு கூளம் வரும். திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்க, அந்தக் காலத்து டி.டி.பி. மென்பொருள்களோடு ‘ஹார்டுவேர் லாக்’ என்ற சிறிய பிளாஸ்டிக் கட்டியும் தரப்படும். கம்ப்யூட்டரின் பின்னால், பிரின்டருக்கான 25 துளைப் போர்ட்டில் அதைச் செருகியிருந்தால்தான் மென்பொருள் வேலை செய்யும். விற்றவர்கள் செய்தது அன்றைக்கு நியாயமே. பிரதி எடுக்கிற கை அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தது. விளைவு என்னவென்றால், 1990களில் தமிழில் தட்டச்சு செய்யப்பட்ட நாவல்கள், சிற்றிதழ்கள், கோயில் மலர்கள், சங்கக் கணக்குகள், ஆய்வேடுகள் ஒரு ஸ்லாட்டையும் ஒரு போர்ட்டையும் ஓர் எழுத்துருவையும் நம்பிப் பெட்டிக்குள் கிடக்கின்றன. ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தேஹு ரோடிலும் தலைமுறைகளாக வாழும் புனேத் தமிழர்களின் வீட்டுப் பரணும் இதற்கு விலக்காக இருக்க முடியாது.

உலகத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. இங்கிலாந்தில் 1086இல் எழுதப்பட்ட ‘டூம்ஸ்டே’ நிலக்கணக்குப் புத்தகத்தின் 900ஆம் ஆண்டை ஒட்டி, பி.பி.சி. 1986இல் நாட்டு மக்களைக் கொண்டே ஒரு புதிய கணக்கெடுப்பைத் தயாரித்து லேசர் டிஸ்க்கில் பதித்தது. 2002 வாக்கில் அதைப் படிக்கும் கருவிகள் அருகி, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தனியாக ஒரு திட்டம் போட்டு அதை மீட்க வேண்டியிருந்தது. 16 வருடம்! தோலில் எழுதிய பழைய புத்தகமோ 900 வருடம் கடந்தும் வாசிக்கும்படி இருந்தது. இதைப் புரிந்துகொள்ள லண்டனுக்குப் போகவும் வேண்டாம். புனே லா காலேஜ் ரோடில் 1917இல் தொடங்கிய பண்டார்கர் ஆய்வு நிறுவனத்தில் பல நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. மகாபாரதத்தின் செம்பதிப்பை அங்கே தயாரித்தவர்கள் தென்னாட்டுக் கிரந்த எழுத்துச் சுவடிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அதற்குக் கண்ணும் எழுத்தறிவும் போதும், மின்சாரம்கூட வேண்டாம். 1994ஆம் வருஷத்து ஹார்ட் டிஸ்க்குக்கு அந்தச் சலுகை இல்லை.

எனவே பெட்டி கிடைத்தால் என்ன செய்வது? முதலில் செய்யக் கூடாததைச் சொல்ல வேண்டும்: சுவிட்சைப் போடக் கூடாது. ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்ற இயல்பான ஆசைதான் பழைய கம்ப்யூட்டர்களைக் கொல்கிறது.

மூடியைக் கழற்றிப் பார்த்தால், 386, 486 மதர்போர்டுகளில் பெரும்பாலும் ஒரு மூலையில் விரல் பருமனுக்குப் பீப்பாய் வடிவ பேட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம். கம்ப்யூட்டரின் கடிகாரமும் அமைப்பு விவரங்களும் மின்சாரம் இல்லாதபோது மறந்துபோகாமல் காப்பது இதன் வேலை. இயந்திரம் ஓடும்போதெல்லாம் இது சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். பரணில் போட்டுவிட்டால் சில வருடங்களில் கசியத் தொடங்கும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். பச்சையும் நீலமுமாகப் பொருக்குத் தட்டி, தலைமயிர் பருமனுள்ள தாமிரப் பாதைகளை அரித்து, சிப்களின் கால்களுக்கு அடியிலும், பக்கத்தில் இருக்கும் ஸ்லாட்டுக்குள்ளும் இறங்கிவிடும். ஜிஸ்ட் கார்டு செருக வேண்டிய ஸ்லாட்டும் அங்கேதான் இருக்கும்.

இதற்கு வைத்தியம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, தண்ணீர் கலந்த வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தால் காரம் முறியும். பிறகு சுத்தமான தண்ணீர், அதன் பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நன்றாகக் காயவிடுதல். அறுந்த பாதைகளை மெல்லிய கம்பியால் ஒட்டுப்போட வேண்டும். இது பொறுமை கேட்கும் வேலை. பூதக்கண்ணாடியும் மல்ட்டிமீட்டரும் கேட்கும். புது பேட்டரி வைக்கும்போது ஓர் எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் சி.ஆர். 2032 லித்தியம் வில்லையைப் பழைய இடத்தில் அப்படியே பற்றவைக்கக் கூடாது. போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும். சார்ஜ் ஏற்கக் கூடாத செல் அது, வெடிக்கலாம். மின்சாரம் திரும்பி வராமல் தடுக்க ஒரு டயோடு சேர்க்க வேண்டும். பல போர்டுகளில் வெளி பேட்டரிக்கென்று நான்கு ஊசிகள் தனியாகவே இருக்கும். அதைப் பயன்படுத்துவது உத்தமம்.

அடுத்தது பவர் சப்ளை. பழைய பெட்டிகளில் முன்பக்க சுவிட்சுக்கே 230 வோல்ட் நேரடியாக வந்து போகும். பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கண்டென்சர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். அனுபவமில்லாதவர்கள் அதைத் திறக்காமல் டி.வி. ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. பின்னால் ஒரு சிறிய சிவப்பு சுவிட்ச் 110, 230 என்று இரண்டு நிலைகளைக் காட்டும். அது 110இல் இருந்தால் நம் ஊர் மின்சாரம் ஒரே வெடியில் கணக்கை முடித்துவிடும். மதர்போர்டுக்குப் போகும் ஆறாறு ஒயர்கள் கொண்ட இரண்டு பிளக்குகளை இடம் மாற்றிச் செருகவும் முடியும். செருகினால் போர்டு எரியும். அந்தக் காலத்து மெக்கானிக்குகளின் மந்திரம் ஒன்றுதான்: கறுப்பும் கறுப்பும் ஒட்டி உட்கார வேண்டும்.

இனிதான் விஷயத்தின் மையம், ஹார்ட் டிஸ்க். இருபத்தைந்து, முப்பது வருடம் தூங்கிய டிஸ்க் எழுந்து சுற்றினால் அதுவே கடைசிச் சுற்றாகவும் இருக்கலாம். எனவே முதல் தடவை ஓடும்போதே மொத்தத்தையும் பிரதி எடுத்துவிட வேண்டும். கோப்பு கோப்பாகத் திறந்து ரசிக்கிற நேரம் அதுவல்ல. ‘டிடிரெஸ்க்யூ’ போன்ற இலவச மென்பொருள்கள் முதலில் எளிதாக வருகிற பகுதிகளை வாரிக்கொண்டு, சிக்கலான இடங்களுக்குப் பிறகு திரும்பிவந்து முட்டிப்பார்க்கும். எல்லாம் ஒரே பிம்பமாக வேறொரு டிஸ்க்கில் பத்திரமாகிவிடும்.

இங்கே ஒரு முடிச்சு உண்டு. இன்றைய லேப்டாப்பில் பழைய டிஸ்க்கை மாட்ட, கடையில் கிடைக்கும் யு.எஸ்.பி. அடாப்டர்கள் 1990களின் தொடக்கத்து டிஸ்க்குகளைப் பல சமயம் அடையாளமே கண்டுகொள்வதில்லை. அந்த டிஸ்க்குகள் சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களால்தான் தங்கள் இடங்களைச் சொல்லும். அடாப்டருக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆக, பழைய டிஸ்க்கைப் படிக்கப் பழைய கம்ப்யூட்டரே வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரோ பேட்டரி செத்ததும் மூன்று எண்களையும் மறந்துவிட்டிருக்கும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் அவை பெரும்பாலும் அச்சாகியிருக்கும். தப்பான எண் கொடுத்துப் படித்தால் குழப்பம் வரும். தப்பான எண் கொடுத்து எழுதினால் உள்ளதும் போகும். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டவர் பாதிச் சாவியைத் தொலைத்தவர்.

பிரதி பத்திரமாகக் கையில் வந்த பிறகே ‘அப்கிரேடு’ பேச்சை எடுக்கலாம். இது வேடிக்கையான கலை. சத்தம் போடும் பழைய டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, ஒரு காலத்தில் கேமராவில் போட்ட காம்பேக்ட் ஃப்ளாஷ் கார்டை ஒரு சின்ன அடாப்டரோடு மாட்டலாம். அந்தக் கார்டு ஹார்ட் டிஸ்க்கின் பாஷையையே பேசும்; கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் எவ்வளவு பெரிய கார்டு வாங்கினாலும், 1994க்கு முந்தைய பல 486கள் ஓர் எல்லைக்கு மேல் பார்க்காது. 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 52,84,82,304 பைட். அதாவது இன்றைய செல்போனில் ஒரு சினிமாவுக்குக்கூடப் போதாத இடம். ஒரு தமிழ் எழுத்தாளரின் வாழ்நாள் எழுத்து அதில் பல தடவை அடங்கும் என்பது வேறு விஷயம். மெமரியை 4 மெகாபைட்டிலிருந்து 16க்கு ஏற்றலாம். சத்தமில்லாத ஃபேன் போடலாம். ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதில் பென் டிரைவை ஃப்ளாப்பியாகக் காட்டும் கருவி வைக்கலாம்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. வேகம் கூடினால் நல்லதுதானே என்று 486ஐ எடுத்துவிட்டுப் பென்டியம்-2 போட்டால் சில பழைய மென்பொருள்கள் ஓடவே மறுக்கும். டர்போ பாஸ்கலில் எழுதிய பல புரோகிராம்கள் கிளம்பும்போது, கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கும். சிப் 200 மெகாஹெர்ட்ஸை நெருங்கித் தாண்டினால் விடை அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காது, ‘ரன்டைம் எர்ரர் 200’ என்று படுத்துவிடும். இந்திய அலுவலகங்களில் சம்பளப் பட்டியலிலிருந்து நூலக அட்டவணை வரை சுமந்த ஃபாக்ஸ்புரோவுக்கும் வேகமான சிப்களில் இதே மாதிரி மயக்கம் வந்ததுண்டு. மதர்போர்டையே மாற்றலாம் என்றால், 2000க்குப் பிறகு வந்த போர்டுகளில் ஐஎஸ்ஏ ஸ்லாட் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதற்கடுத்த பத்தாண்டுகளில் 25 துளைப் போர்ட்டும் போயிற்று. யு.எஸ்.பி.யிலிருந்து பிரின்டருக்குப் போகும் ஒயரில் ஹார்டுவேர் லாக்கை மாட்டிப் பயனில்லை. விளையாட்டுக்காக வாங்கியவர் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும். தமிழுக்காக வாங்கியவர் அந்த ஸ்லாட்டிலும் அந்தப் போர்ட்டிலும் கை வைக்கக் கூடாது.

ஃப்ளாப்பிகள் தனிக் கதை. புனேயின் நான்கு மாத மழையில், சென்னையின் கடற்காற்றில், அவற்றின் மேல் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த ஃப்ளாப்பியை டிரைவில் போட்டால் அதன் தலை அழுக்காகி அடுத்த பத்து ஃப்ளாப்பிகளையும் கீறும். துடைத்துவிட்டு, சாதாரண டிரைவில் வராததை ‘கிரீஸ்வீசல்’ மாதிரியான கருவிகளால் காந்த அலையாகவே பதிவு செய்து, பிறகு கணக்குப் போட்டு எழுத்தாக்கும் வழி இன்று இருக்கிறது. ஒரு ஃப்ளாப்பியில் 2,880 செக்டர். அதில் இரண்டு மூன்று போனாலும் ஒரு கதையின் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

வெளியே எடுத்த கோப்பைத் தமிழாக்குவதில்தான் மேலே சொன்ன இரண்டு வாசல்களின் வித்தியாசம் தெரிகிறது. இஸ்கியில் எழுதிய கோப்பு என்றால் கார்டே தேவையில்லை. அட்டவணை அச்சிட்ட அரசுத் தரம். 179ஐ ‘க’வாக மாற்றச் சில வரிப் புரோகிராம் போதும். தமிழறிஞர்கள் குறை சொன்ன அந்தச் சட்டை முப்பது வருடம் கழித்தும் கிழியவில்லை. தனியார் எழுத்துருவில் எழுதியது என்றால் எந்த எழுத்துரு என்று தெரிய வேண்டும். சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்றவை ஸ்ரீலிபி, பாமினி, வானவில் என்று பலவற்றிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும். அதற்குள் அடங்காத, அதிகம் புழங்காத எழுத்துரு என்றால், டிஸ்க்கில் உள்ள எழுத்துருக் கோப்பையே பார்த்து அட்டவணை போட வேண்டும். அதனால்தான் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்துருவை விட்டுவிடுவது பெருந்தவறு.

பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்த புத்தகமென்றால் இன்னும் ஒரு படி. அடோபியின் இன்டிசைன் மென்பொருள் 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளைத் திறந்தது, பிறகு கைவிட்டது. அதற்கும் முந்தைய பேஜ்மேக்கர் 5 கோப்பைப் பழைய கம்ப்யூட்டரில் புதிய பேஜ்மேக்கரால் திறந்து, சேமித்து, அதன் பிறகே இன்டிசைனுக்குக் கொண்டுவர வேண்டும். ஆற்றைக் கடக்க ஒவ்வொரு கல்லாகத் தாண்டுவது போலத்தான். ஒரு கல் காணாமல் போனால் அக்கரை இல்லை.

இந்தத் தாண்டலை ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம், முதலில் தனி எழுத்துருக்களில் ஏற்றிய பழந்தமிழ் நூல்களைத் தகுதரம் என்ற டிஸ்கி முறைக்கும், பிறகு யூனிகோடுக்கும் மாற்றிக்கொண்டே வந்தது. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்ற இரண்டு தரங்களை ஏற்று, 2010இல் யூனிகோடுக்கும் டேஸ்-16க்கும் மாறியது. சங்க இலக்கியம் தப்பித்துக்கொள்ளும். அதற்கு ஆள் உண்டு. 1996இல் பத்து இதழோடு நின்றுபோன ஒரு சிற்றிதழுக்கு யார் இருக்கிறார்கள்?

புனேயில் உதிரி பாகங்களுக்குப் புத்வார் பேட்டையின் தாப்கீர் கல்லியில் நடந்தால் டயோடும் கண்டென்சரும் ஒயரும் கிடைக்கும். ஐஎஸ்ஏ கார்டுக்குச் சந்தைகளிலும் பழைய கம்ப்யூட்டர் கடைகளிலும் அதிர்ஷ்டத்தைச் சோதிக்க வேண்டும். வாங்கிய பெட்டியின் டிஸ்க்கில் முன்னாள் சொந்தக்காரரின் பாங்க் கணக்கும் ஜாதகமும் இருக்கக்கூடும். அவற்றைப் படிக்காமல் அழிப்பது மரியாதை. உண்மையிலேயே செத்துப்போன போர்டைத் தெருக் குப்பையில் வீசக் கூடாது. அதில் ஈயமும் பேட்டரியில் காட்மியமும் இருக்கின்றன. நகரின் குப்பை பொறுக்கும் தொழிலாளர்களின் கூட்டுறவான ‘ஸ்வச்’ மின்னணுக் கழிவையும் சேகரிக்கிறது. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள் பழையதைப் புதுப்பித்துப் பயன்படுத்துவதையும் அங்கீகரிக்கின்றன.

சீரான பெட்டியை மூடுவதற்கு முன் செய்ய ஒரு சிறு வேலை பாக்கி இருக்கிறது. டிஸ்க்கின் மூன்று எண்கள், எந்த எழுத்துரு, எந்தப் பதிப்பு பேஜ்மேக்கர், ஹார்டுவேர் லாக் எந்த மென்பொருளுக்கு உரியது, பேட்டரி மாற்றிய தேதி, பிரதி எங்கே வைத்திருக்கிறது – இத்தனையையும் ஒரு தாளில் எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட வேண்டும். பேனாவால், கையெழுத்தில்.